அப்பா வீட்டு நாய்

அந்தப் புதன்கிழமை காலை லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கிடைத்த நாற்காலி அவன் முழங்கால் உயரம்கூட வராது. மஞ்சள் பிளாஸ்டிக். உட்கார்ந்ததும் முழங்கால்கள் இரண்டும் தாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டன. எதிரே இருந்த குட்டி மேசையில் ஒரு காகிதத் தட்டு, பசைப் புட்டி, ஒரு கிண்ணம் நிறையப் பஞ்சு உருண்டை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், பழுப்பிலும் கறுப்பிலும் சில வண்ணத்தாள்கள். பக்கத்தில் மகள் சுண்டு, கொத்தனாரிடம் வேலை வாங்க வந்த வீட்டுக்காரி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு நாலரை வயது. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று யாரோ சொல்லப்போய் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது வகுப்பிலேயே உயரமானவள் அவள்தான். பெயர் மட்டும் வளரவில்லை.

அந்த மழலையர் பள்ளியில் அது செல்லப் பிராணி வாரம். திங்களன்று பழைய காலுறைக்குள் துணி அடைத்துப் பூனை செய்தார்கள். செவ்வாயன்று உருளைக்கிழங்கை வெட்டி மையில் தொட்டு, நீளத்தாள் முழுக்கப் பாதத்தடம் பதித்தார்கள். புதனன்று அம்மாவோ அப்பாவோ ஒருவர் வந்து பிள்ளையோடு சேர்ந்து காகிதத் தட்டில் தங்கள் வீட்டுப் பிராணியின் முகத்தைச் செய்ய வேண்டும். சுண்டுவின் அம்மாவுக்கு அன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் காலை முறை. "புதன் ஒன்பது மணி, ஸ்கூல். நீங்க போங்க" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவன் "சரி" என்று பதில் போட்டான்.

மூன்று வாரமாக அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் அந்த ஒரு சொல்தான். சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டே மனைவி, "கொஞ்ச நாள் தனித்தனியா இருந்து பாப்போமா?" என்று கேட்டபோது சொன்னது அது. எந்தப் பையை எடுத்துக்கொள்வது என்று கேட்டபோதும் அதுவே. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. கிள்ளுகிறார்கள் என்று தெரிகிறது, வலிதான் வந்து சேரவில்லை. அவன் தினமும் வேலைக்குப் போனான். கதவு மூடாத லிஃப்ட்டுகளை மூடவைத்தான். வந்து படுத்தான்.

"முதல்ல காது," என்றாள் சுண்டு. "ஒண்ணு நிக்கணும். ஒண்ணு தொங்கணும்."

"ஏன் அப்படி?"

"டிங்குவுக்கு அப்படித்தானே இருக்கு."

டிங்கு யார் என்று அவன் கேட்கவில்லை. கார்ட்டூனில் வரும் நாய் ஏதாவதாக இருக்கும். பழுப்புத்தாளைக் கட்டைவிரலால் அளந்து, மடித்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும்படி வெட்டினான். அளவு தப்பினால் ஆள் மாட்டிக்கொள்ளும் தொழிலில் பதினாறு வருடம் இருந்த கை.

சுண்டு அதை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது ரொம்ப சரியா இருக்குப்பா. கொஞ்சம் கோணலா வேணும்."

அவன் கோணலாக வெட்டினான். பக்கத்து மேசையில் டை கட்டிய ஒருவர் மீனுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தார். மகன் கேட்டுவிட்டானாம்; கேட்டால் செய்யத்தானே வேண்டும் என்ற முகத்தோடு ஒட்டினார்.

அப்போது மிஸ் வந்தார். நாற்பது வயதிருக்கும். மேலே கட்டியிருந்த ஏப்ரனில் இல்லாத நிறம் இல்லை. தட்டைப் பார்த்ததும், "அட, டிங்கு! அப்படியே இருக்கானே!" என்றார்.

"நீங்க டிங்குவைப் பாத்திருக்கீங்களா மிஸ்?" என்று அவன் கேட்டான்.

"நேர்ல பாக்கல சார். ஆனா தினமும் டிங்கு கதை இல்லாம எங்களுக்குப் பொழுது விடியாதே," என்று சுவரைக் காட்டினார்.

சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை சொன்னதை மிஸ் தன் கையால் அப்படியே எழுதியிருந்தார். சுண்டுவின் படம் மூன்றாவது வரிசையில் இருந்தது. ஒரு பழுப்பு உருண்டை, ஐந்து கால்; ஐந்தாவது வால் என்று பிறகு தெரிந்தது. உருண்டைக்குப் பக்கத்தில் குச்சி மாதிரி ஒரு உயரமான ஆள். கீழே எழுதியிருந்தது:

'டிங்கு எங்க அப்பா வீட்டு நாய். அப்பா பக்கத்துல இல்லன்னா அழும். எங்க வீட்டுல நாய் வைக்கக் கூடாது. அதனால அப்பா அங்க இருக்காரு.'

அவன் அதை இரண்டு முறை படித்தான், லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிப்பது மாதிரி. அவன் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் ஒரு மெத்தையும் ஒரு மின்னடுப்பும் தவிர வேறொன்றும் கிடையாது. திரும்பி மகளைப் பார்த்தான். அவள் இவன் பக்கம் பார்க்கவில்லை. விரலில் காய்ந்த பசையைத் தோல் உரிப்பதுபோல் மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை நேர்ல பாத்து வரையுற நாள் சார்," என்றார் மிஸ். "ஒருத்தர் வீட்டுலேருந்து ஆமை வருது. இன்னொருத்தர் வீட்டுலேருந்து கிளி. நாய்தான் இல்ல. ஒரு அரை மணி நேரம் டிங்குவைக் கூட்டிட்டு வரமுடியுமா?"

சுண்டுவின் விரல்கள் நின்றன.

இல்லை என்று சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. நாயே கிடையாது மிஸ் என்று மூன்றே சொல். சொன்னால் அந்தச் சுவரிலிருந்து படத்தை எடுத்துவிடுவார்களோ என்று ஒரு கணம் நினைத்தான். அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை.

"சரி மிஸ்," என்றான்.

அன்று மதியமும் மறுநாளும் ஏழு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றின் மொட்டைமாடி மெஷின் ரூமில் அவனுக்கு வேலை. கயிறுகளின் இழுவையைச் சரிபார்த்தான். பிரேக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். இடையிடையே அந்த நாலு வரி ஞாபகம் வந்தது. வந்ததும் போனது, யாரோ தெருவில் போவது மாதிரி.

வியாழன் மாலை வேலை முடிந்து வந்தவன் படியேறவில்லை. ஊரில் இருக்கும் லிஃப்ட்டையெல்லாம் பார்த்துக்கொள்பவனுக்குக் கிடைத்த அறை லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாவது மாடி. அதைப் பற்றி அங்கே ஏற்கெனவே எல்லோரும் சிரித்து முடித்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் தையல்கார அக்காவின் கடை. கடை வாசலில், வருகிறவர்கள் தாண்டித்தான் போகவேண்டும் என்பதுபோல் குறுக்கே படுத்திருப்பது அவருடைய நாய். பருத்த பழுப்பு நாய். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

"அக்கா, ஒரு உதவி. நாளைக்குக் காலைல மேனேஜரைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"எங்க தம்பி?"

"ஸ்கூலுக்கு."

அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த வயசுல சேத்துக்குவாங்களா?"

அவன் விஷயத்தைச் சொன்னான். சிரிக்காமல், சுவரில் இருந்த நாலு வரியையும் வரிசை மாறாமல் ஒப்பித்தான். அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டியபடியே கேட்டார்.

"உங்க பொண்ணோட நாய்க்கு ஒரு காது நிக்கும்னீங்க. இவனுக்கு ரெண்டும் தொங்குதே."

"அதெல்லாம் கவனிக்க மாட்டாங்கக்கா."

"நாலு வயசுப் புள்ளைங்க கவனிக்காததுன்னு ஒண்ணு இருக்கா தம்பி?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி, இந்தப் பொய் யாரோடது? அவளோடதா, உங்களோடதா?" என்று கேட்டார்.

அவன் குனிந்து மேனேஜரின் ஒரு காதை நிமிர்த்திப் பார்த்தான். அக்கா வற்புறுத்தவில்லை. ஆணியில் மாட்டியிருந்த தோல்வாரையும் அரைப் பாக்கெட் பிஸ்கட்டையும் எடுத்து நீட்டினார். "பயப்படாதீங்க, கடிக்க மாட்டான். கடிக்கணும்னா எழுந்திரிக்கணுமே."

பள்ளிக்குப் பன்னிரண்டு நிமிட நடை. மேனேஜரோடு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு தூரம் என்பதுபோல் அவனைப் பார்த்தது.

பிள்ளைகள் தரைவிரிப்பில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆமை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. அதை வரைந்தவர்கள் எல்லோரும் கல்லை வரைந்திருந்தார்கள். கிளிகள் இரண்டும் கூண்டுக்குள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. அவன் நாயோடு வாசலில் நின்றதும் எல்லாத் தலைகளும் திரும்பின. சுண்டுவின் முகம் சட்டென்று மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது.

"ரெண்டு காதும் தொங்குது!" என்றான் ஒருவன்.

"டிங்கு குட்டி. இது தாத்தா மாதிரி இருக்கு," என்றாள் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். "இது டிங்கு இல்ல."

இப்போது எல்லோரும் சுண்டுவைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்குள் சுண்டு எழுந்து வந்து மேனேஜரின் தலையில் கைவைத்தாள்.

"டிங்கு இல்லதான்," என்றாள் நிதானமாக. "இவரு டிங்குவோட பெரியப்பா. டிங்குவுக்குக் காய்ச்சல். அதான் இவரு வந்திருக்காரு."

வகுப்பு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. காய்ச்சல் வந்தால் யாரும் வரமுடியாது; அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன்பிறகு அந்த அறையில் நாயை யாரும் நாய் என்று சொல்லவில்லை. "மிஸ், பெரியப்பா கொட்டாவி விடுறாரு!" "மிஸ், பெரியப்பா என் கிரேயானை நக்கிட்டாரு!"

"யாரும் இன்னும் கிரேயானைத் தொடக்கூடாது," என்றார் மிஸ். "முதல்ல கண்ணால மட்டும். மூக்கு என்ன நிறம்? வெறும் கறுப்பா? நல்லாப் பாருங்க, நடுவுல கொஞ்சம் ரோஸ் இருக்கு. முடி எந்தப் பக்கம் படியுது? கழுத்துல ஒரு மாதிரி, வயித்துல ஒரு மாதிரி இருக்கா?" ஒரு நிமிடம் கழித்துத்தான் வரையச் சொன்னார். கிரேயானின் தாளை உரித்து, அதைப் படுக்கவைத்துத் தேய்த்தால் முடி மாதிரி வரும் என்று செய்து காட்டினார். மேனேஜர் இதற்கெல்லாம் வசதியாக நடு விரிப்பில் சாய்ந்து தூங்கிப்போனது. பதினான்கு தாளிலும் பழுப்புக் குவியல்கள் எழுந்தன.

அவன் தோல்வாரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். இரட்டைப் பின்னல்காரி வரைந்துகொண்டே, "அங்கிள், டிங்கு எங்க தூங்கும்?" என்றாள்.

"என் மெத்தைலதான். பக்கத்துல."

"கட்டில் இல்லையா?"

"இல்ல. தரையில போட்டிருக்கேன்."

"ஜன்னல் இருக்கா?"

இந்தக் கேள்வி வேறு பக்கத்திலிருந்து வந்தது. சுண்டுதான் கேட்டாள். தலையைத் தூக்கவில்லை; கிரேயான் மட்டும் தாளில் அசையாமல் நின்றது.

"இருக்கு," என்றான்.

"அது வழியா டிங்கு என்ன பாக்கும்?"

"எதிர்ல ஒரு தண்ணி டேங்க். கறுப்பு டேங்க். பக்கத்து மாடில துணி காயும்."

"என்ன சாப்பிடும்?"

"பிரெட்டு. சில நாள் முட்டை."

"தினமுமா?"

"அநேகமா."

"அது நல்லாவே இல்ல."

"பழகிடுச்சு அதுக்கு."

சுண்டு கொஞ்சம் வரைந்தாள். பிறகு, "அங்க யாராவது டிங்குவோட பேசுவாங்களா?" என்றாள்.

"கீழ ஒரு தையல்கார அக்கா இருக்காங்க. அவங்க பேசுவாங்க."

"ராத்திரி அழுமா?"

அவன் யோசித்தான். "இல்ல. அழறதில்ல."

"ஏன்?"

"தெரியலம்மா. வரமாட்டேங்குது அதுக்கு."

சுண்டு தலையை ஆட்டிக்கொண்டாள். கறுப்பு கிரேயானை எடுத்து நாய்க்குப் பின்னால் ஒரு சதுரம் போட்டாள். சதுரத்துக்குள் ஒரு உருளையை வரைந்து அழுத்தி நிரப்பினாள்.

தனியாகப் போனதிலிருந்து அவன் வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளி வாசலில் அரை மணி நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா, நீ எங்கே இருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைதானே, உறைக்கவில்லை என்று எண்ணியிருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு அவன் நாயோடு வாசலுக்கு வந்தபோது, சுண்டுவின் அம்மா கடை அடையாள அட்டையைக் கழற்றாமல் அவசரமாக வந்துகொண்டிருந்தாள். கையில் போன். பெற்றோர் குழுவில் மிஸ் போட்ட நாயின் போட்டோவை அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

"அப்போ உண்மைதான்," என்றாள்.

"எது?"

"நாய். அவ மூணு வாரமா டிங்கு டிங்குங்கறா. சும்மா சொல்றான்னு நெனைச்சேன். எத்தனை வருஷமா கேட்டேன் நான்? முடி கொட்டும், நாத்தம் வரும், வேண்டாம்னீங்க. நான் இல்லாத வீடுன்னா மட்டும் முடி கொட்டாதா?"

"இது எங்க கட்டிடத்துல ஒரு அக்காவோடது. டிங்குன்னு எதுவும் கிடையாது."

"அப்போ அவ சொல்றது?"

"உள்ள போய் சுவத்தைப் பாரு. மூணாவது வரிசை."

அவள் போனாள். மேனேஜர் நிழலைத் தேடிப் படுத்தது. அவள் திரும்பி வரக் கொஞ்ச நேரமானது. தோளில் சுண்டுவின் பை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். அடுத்தவர் கண்ணாடியை நாள் முழுக்கத் துடைப்பவள். தன்னுடையது அவளுக்கு அன்று சுத்தமாகவில்லை.

"கை கழுவிட்டு இருக்கா. வந்துடுவா," என்றாள். பிறகு, "அப்பாக்கு அங்க வேலை இருக்குன்னு சொல்லி வச்சேன் நான். நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அதான். ரெண்டு பேரும் ஒழுங்கா ஒண்ணு சொல்லியிருந்தா அவ ஏன் ஒரு நாயைச் செய்யப்போறா?"

மேனேஜர் எழுந்து, இரண்டடி நடந்து, அவள் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு உங்க ரூமுக்கு வரேன். அவ கண்ணால பாக்கட்டும். சேந்து உட்கார்ந்து சொல்லிடலாம்."

"சரி."

"சும்மா சரி போடாதீங்க. என்ன சொல்றதுன்னு யோசிச்சு வைங்க."

அவன் யோசித்தான். வேலைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதியும் பார்த்தான். எழுதி, அடித்து, மூன்று வரி மிஞ்சியது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அம்மாவும் மகளும் மூன்று மாடி ஏறி வந்தார்கள். சுண்டு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேராக ஜன்னலுக்குப் போனாள். டேங்கைப் பார்த்தாள். பக்கத்து மாடியில் காய்ந்த துணியைப் பார்த்தாள். சொன்னதெல்லாம் சரிதான் என்பதுபோல் திரும்பி மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தாள். நாயை அவள் தேடவில்லை.

"அம்மாவும் நானும் இனிமே தனித்தனி வீட்டுலதான் இருப்போம் சுண்டு," என்று அவன் ஆரம்பித்தான். "அது நாயால இல்ல. உன்னாலயும் இல்ல. எங்க ரெண்டு பேருக்கும்..."

மூன்றாவது வரி மறந்துபோனது. சீட்டு சட்டைப்பையில் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

"ஒத்து வரல," என்று முடித்தாள் அம்மா.

"சண்டை போட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "பேசாமலே இருந்துட்டோம். ரொம்ப நாளா," என்றான் அவன்.

சுண்டு மெத்தை நூலைப் பிடித்து இழுத்தாள். "நாய் இல்லன்னு எனக்குத் தெரியும். நான்தானே செஞ்சேன்," என்றாள். பிறகு, "அப்போ ஸ்கூல்ல என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி சட்டைப்பையில் இருந்த சீட்டில் இல்லை.

"அப்பா வேற வீட்டுல இருக்காருன்னு சொல்லு," என்றான் அவன்.

"ஏன்னு கேப்பாங்க."

"அம்மாவும் அப்பாவும் அப்படி முடிவு பண்ணிட்டாங்கன்னு சொல்லு," என்றாள் அம்மா.

சுண்டு அதைப் பாட்டு மனப்பாடம் செய்வதுபோல் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது முறை நடுவில் நிறுத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணீங்க. நான்?"

பக்கத்து மாடியில் யாரோ துணியை உதறும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை இங்க வந்து தங்கலாமா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணலாம்," என்றான் அவன் கடைசியில்.

"வருவேன்," என்றாள் உடனே. "ஆனா பிரெட் வேணாம்."

அவன் எழுந்து ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தான். கொடுக்கும்போது அது இரண்டாக உடைந்தது. சுண்டு உடைந்த பழத்தைப் பார்த்தாள். முகம் கோணியது. உடையாத பழம் வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள். வேறு பழம் கொடுத்தபோது அது வேண்டாம், இதுவே ஒட்டி வேண்டும் என்றாள். கால் மணி நேரம் அழுதாள், உடம்பே குலுங்க. அப்படியே மெத்தையில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

அவளை எழுப்ப இருவருக்கும் மனமில்லை. ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சுண்டுவின் அம்மா சத்தம் வராமல் அழுதாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறவளின் பக்கத்தில் போய் உட்கார இப்போது தனக்கு இடம் உண்டா என்று தெரியவில்லை. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று கேட்டாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தோணும்னுதான் நெனைக்கிறேன். இன்னும் வரல."

"ம்," என்றாள். தண்ணீரைக் குடித்தாள். கொஞ்ச நேரம் அவள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும், வாஷர் எந்த அளவு என்பதைப் பற்றியும் பேசினார்கள். பல மாதத்தில் அவர்கள் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு அதுதான். ஒரு மணிக்குச் சுண்டு எழுந்தாள். மெத்தையின் கோடுகள் கன்னத்தில் பதிந்திருந்தன. அம்மாவும் மகளும் படி இறங்கிப் போனார்கள்.

திங்களன்று மதியம் அவன் ஒரு மருத்துவமனை லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து கதவுச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சொல்லிட்டாளாம்," என்றாள் சுண்டுவின் அம்மா. "மிஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க. காலைல வட்டமா உட்கார்ந்தப்போ அவளே கையைத் தூக்கிச் சொன்னாளாம். அப்பா வேற வீட்டுல இருக்காரு, ரெண்டு பேரும் அப்படி முடிவு பண்ணிட்டாங்கன்னு."

"பசங்க என்ன சொன்னாங்க?"

"ஒருத்தன், எங்க அப்பாவும் கப்பல்ல இருக்காருன்னானாம். அந்த ரெட்டைப் பின்னல் பொண்ணு இருக்கால்ல, அவ மட்டும், அப்போ டிங்குவை யாரு பாத்துப்பான்னு கேட்டாளாம்."

"இவ என்ன சொன்னா?"

"'அதைப் பத்தி அப்புறம் பேசலாம்'னாளாம்."

அந்த வாக்கியம் சுண்டுவின் வயதுக்கு வருகிற வாக்கியம் இல்லை. அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் படுக்கையறைக் கதவருகிலும் மாதக்கணக்கில் ஓடிய வாக்கியம். பாதி அவன் சொன்னது, பாதி அவன் மனைவி சொன்னது. சுண்டுவின் அம்மா சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றபிறகும் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. கீழே ஏதோ ஒரு மாடியில் யாரோ லிஃப்ட் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"டிங்கு படத்தை எடுத்துடவான்னு மிஸ் கேட்டாங்க," என்றாள் அவள். "இருக்கட்டும்னு சொன்னேன். சுண்டுவும் இருக்கட்டும்னாளாம்."

"இருக்கட்டும்."

"சனிக்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவந்து விடுறேன். ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கி மாட்டுங்க. வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. தூங்கும்போது பாத்தேன்."

வேலை முடிந்து திரும்பும் வழியில் துணிக்கடை ஒன்றில் நுழைந்தான். கடைக்காரர் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார். அவனுக்கு எந்த நிறமும் தோன்றவில்லை. கைக்கு முதலில் எட்டியதை அளவுகூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டான். அறைக்கு வந்து மாட்டிப் பார்த்தபோது அது கீழே ஒரு சாண் குட்டையாக இருந்தது.